தட்டில் வளராத கிருமி

கட்டிலில் என் மனைவி. கால்மாட்டில் அவளுடைய தங்கை. கையில் தாளோடு யாழ்ப்பாணத்து டாக்டர். மருந்து வண்டியோடு தாதி. கதவருகே நான்.

தொண்ணூறுகளின் கடைசி. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஊசிக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இரத்தம் எடுத்து, கிருமிக்குச் சத்துப் போட்ட தட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. மனைவிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தா வரை போவேன். மழை. திரும்பி வருவேன்.

"முளைக்கலைன்னா கிருமி இல்லைங்களா, ஐயா?" என்றேன்.

"அப்பிடியில்லை," என்றார் டாக்டர். "சில கிருமிக்குத் தட்டிலை என்ன சத்தைப் போட்டாலும் வளராது. உயிருள்ள கலத்துக்குள்ள, உடம்பிலை இருக்கிற உயிரணுவுக்குள்ளதான் வளரும். அதுக்கெண்டு முதல்லை கலத்தைப் போத்தலிலை வளர்க்க வேணும். சீனி, உப்பு, கண்டுக்குட்டியின்ரை இரத்தத் தெளிவு எல்லாம் கலத்துக்குத்தான். கலம் ஆக்கி வச்சதைக் கிருமி தின்னும்."

"அடுப்பு மூட்டாம உக்காந்து சாப்புடுது. நம்ம மச்சான் மாதிரி," என்றாள் மனைவியின் தங்கை.

தாதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப அப்படி வளத்துப் பாருங்க, ஐயா."

"கொழும்புக்கு அனுப்ப வேணும். மறுமொழி வரக் கனநாள் செல்லும். இவ தாங்கமாட்டா." உண்ணிக்காய்ச்சல் என்றால் பூச்சி கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு இருக்குமாம். அதைக் கண்டால் உடனே குளிசை மாத்திரை தொடங்கலாம். வேறு காய்ச்சல் என்றால் அந்தக் குளிசை உதவாது, நேரம் வீண்.

கழுத்து, கக்கம் என்று தேடினார்கள். எங்கும் இல்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டுவார்கள். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"அட்டைக் கடிங்க. சுண்ணாம்பு வச்சிருக்கா. மலையில எல்லாரும் வைக்கிறதுதான்," என்றாள் தங்கை.

"கழுவுங்கோ."

தாதி பஞ்சால் துடைத்தார். சுண்ணாம்பு போனது. அடியில் பீடியால் சுட்டதுபோல் கறுப்பு.

டாக்டர் மூச்சு விட்டார். "முந்திப் போட்ட ஊசி கலத்துக்குள்ள போகாது. இந்தக் குளிசை போகும்."

குளிசை கொடுத்தார்கள். நான் வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன்.

"உக்காருங்க மச்சான். தரை தேஞ்சிரும்."

உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுநாளும் அப்படித்தான்.

அடுத்த காலை மனைவி தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகலையா? வேலை இல்லையா இன்னைக்கு?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தாதி தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

தொண்ணூற்றெட்டு.