உள்தாழ்ப்பாள்

போர்வெல் அய்யனாரைத் தெரியாத ஆள் பெண்ணாடத்தில் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவன் போர் போடும் வண்டியில் கூலியாக ஏறி, சொந்தமாக இரண்டு வண்டி வாங்கியவர். எந்த ஆபீஸ் வாசலிலும் அவர் நின்றதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

தம்பி ராஜவேலுக்குப் புத்தி பேதலித்தபோது, அப்பா அவனை ஒரு கோயில் கொட்டகையில் சங்கிலியோடு விட்டுவிட்டு வந்தார். கையில் நாலு காசு சேர்ந்ததும் அய்யனார் முதலில் அந்தச் சங்கிலியைத்தான் அறுத்தார். தம்பிக்கென்றே மாடியில் ஓர் அறை கட்டினார். தரைக்கு கிரானைட், ஏசி, ஒட்டினாற்போலக் குளியலறை. வாசலுக்குக் கம்பிக் கதவு. வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுவார்.

மஞ்சக்குப்பத்திலிருந்து மனநல டாக்டர் ரேகா வந்தபோதும் காட்டினார். சொல்லியனுப்பியது தன் மனைவி முத்தம்மாள் என்று அவருக்குத் தெரியாது.

"எந்த ஆஸ்பத்திரியில இப்படி ரூம் இருக்கு, சொல்லுங்க மேடம்?"

டாக்டர் கதவைச் சாத்திப் பார்த்தார். "பூட்டு வெளிய தொங்குது. உள்ள தாழ்ப்பாளே இல்லியே சார்?"

"அவனுக்கு எதுக்கும்மா தாழ்ப்பாள்?"

"இப்படிப் பூட்டி வெக்கக் கூடாது சார். இப்ப சட்டம் வேற. தன் சார்பா யார் பேசணும்னு அவரே சொல்லலாம்." டாக்டர், கட்டிலில் இருந்த ராஜவேலின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, யார் பேசணும்?"

அய்யனார் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"அண்ணி," என்றான் ராஜவேல்.

அய்யனார் வாசலில் நின்ற மனைவியின் மேல் பாய்ந்தார். "சங்கிலிய அறுத்தவன் நான்டி!"

"அறுத்தீங்க. யாரு இல்லேன்னா? இத்தினி வருசமா கம்பி சந்துல சோறு தள்ளுனவ நான். ஊருக்கு ரூமக் காட்டும்போது அதயும் சேத்துச் சொல்லுங்க." அவள் கொழுந்தனிடம் கேட்டாள்: "ஒனக்கு என்னா வேணும் ராஜவேலு?"

"தனியா இருக்கணும் அண்ணி."

வைத்தியத்தில் தேறி, இப்போது அவன் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறான். மெஸ் மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு முத்தம்மாள் கூடப் போகிறாள். அய்யனார் வெகுநாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் ஜிலேபி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"அண்ணன்டா."

"அண்ணி வந்திருக்காங்களா?"

"இல்ல. நான்தான்."

"இன்னிக்கி முடியாதுண்ணா. இன்னொரு நாளைக்கி வாங்க."

அய்யனார் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது. வெயிலில் நின்றார். குடத்தோடு படியேறி வந்த பக்கத்து அறைக்காரியிடம் சொன்னார்: "உள்ள இருக்கறவன் என் தம்பிதான். ஊர்ல இவனுக்கு ஏசி ரூம் கட்டி வெச்சிருக்கேன், தெரியுமா? கிரானைட்டு!"

"கொஞ்சம் தள்ளிக்குங்க பெரியவரே," என்றாள் அவள். "கொடம் கனக்குது."