கீழே பார்க்காமல் நடந்தவர்

நீதிமன்ற வாசலில் அடுத்த வழக்குக்காகக் காத்திருந்தபோது புனிதாவின் அழைப்பு வந்தது. வேலை நாளின் முற்பகலில் அவர் என்னை அழைப்பதில்லை.

"அண்ணை, லொரேன் அன்ரி மோசம் போயிட்டா. காலமை காப்பி போட்டுக் குடிச்சிட்டுத்தான் கதிரையிலை சாய்ஞ்சிருக்கிறா. கோப்பை கழுவிக் கவிட்டுக் கிடக்கு."

இறப்புச் செய்தியோடு கோப்பையையும் புனிதா ஏன் சொன்னார் என்பது டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் லொரேனை அறிந்த நம் எல்லோருக்கும் விளங்கும். பார்வை ஏறக்குறைய முழுமையாகப் போன பின்பும் தன் சமையலறையைத் தானே ஆண்டவர் அவர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். அவர் என்னிடம் நேரில் சொன்னவற்றை மட்டும், சொன்ன அளவிலேயே எழுதுகிறேன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளம் விளையும் சமவெளியில் பிறந்தவர். ஐம்பதுகளில் ஹொலிவூட் நிறுவனம் ஒன்று ஏழாண்டு ஒப்பந்தத்தில் அவரை எடுத்தது. லொரேன் என்ற பெயரே அந்நிறுவனம் வைத்ததுதான். தாதி, தட்டச்சாளர், நாயகனுக்கு நல்ல புத்தி சொல்லி அவனை வேறொருத்திக்கு விட்டுக்கொடுக்கும் பெண்: இவை அவருக்குக் கிடைத்த வேடங்கள். "என்னைக் கைவிட்ட ஆண்கள் எல்லோரும் மிகப் பிரபலமானவர்கள்" என்று பெருமையோடு சொல்வார்.

கன்னத்தில் அறை வாங்கிய பின் கணவனுக்கு நன்றி சொல்லும் மனைவியாக நடிக்க ஒருமுறை அவர் மறுத்துவிட்டார். நிறுவனம் அவரை இடைநிறுத்தியது. சம்பளம் இல்லை, வேறிடத்தில் நடிக்கவும் உரிமை இல்லை. அதன் பிறகு பெரிய வேடங்கள் வரவில்லை. அந்த ஒப்பந்தம் நியாயமானதா என்று சட்டத்தரணியின் தொழிற்பழக்கத்தில் கேட்டேன். "வாசித்துத்தானே கையெழுத்திட்டேன். அவர்கள் செய்தது சரி. நான் செய்ததும் சரி" என்றார். இரு தரப்பையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன தீர்ப்பை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. பின்னர் ஸ்வென் என்ற டெனிஷ் கப்பல் பொறியியலாளரை மணந்து, அவருடைய ஊரான பிரெடெரிசியாவுக்கு வந்தார். கணவர் காலமான பிறகும் துறைமுகத்துக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய வீட்டிலேயே தனியாக வாழ்ந்தார்.

நகரசபையின் வீட்டு உதவியாளராக அங்கே சென்றுவந்த புனிதாதான் அவரை நம் தமிழ்ச் சங்கத்தின் நாடக ஒத்திகைக்கு அழைத்துவந்தார். அப்போது அவருக்குப் பார்வை ஓரளவு இருந்தது. நம் நாடகங்களின் வழக்கம் தெரிந்ததே. மேடையின் நடுவில் ஓர் ஒலிவாங்கி. பாத்திரங்கள் எல்லாம் அதைச் சுற்றி. கொலையுண்டவர்கூட அதன் அடிக்கு நகர்ந்து வந்து கடைசி வசனத்தைச் சொன்ன பின்னரே விழுவார். லொரேன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேடையேறி, ஒட்டுநாடாவைக் கிழித்து ஆளுக்கொரு இடமாகத் தரையில் ஒட்டினார்.

நெறியாளர் தவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "என்ன அன்ரி இது? தள்ளி நிண்டால் பின்னாலை இருக்கிற சனத்துக்கு ஒண்டும் கேக்காது!"

புனிதா அதை டெனிஷில் சொன்னார்; லொரேன் சொன்ன பதிலைத் தமிழில் திருப்பினார். "வீட்டிலை மனுசியைக் கூப்பிடுற சத்தத்திலை கதைக்கட்டாம், அண்ணை."

எனக்கு நீதிபதி வேடம். எனக்கான நாடா அடையாளத்தை நோக்கி நடக்கும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறதா என்று குனிந்து உறுதிசெய்துகொள்வேன். "சட்டத்தரணி, தரை ஓடிவிடாது. கீழே பார்க்காதீர்கள்" என்றார் லொரேன். படப்பிடிப்பில் ஓர் அங்குலம் தவறினாலும் முகம் கமராவில் மங்கிவிடுமாம். குனிந்து பார்த்தால் காட்சியே கெட்டுவிடுமாம். ஆகவே தரையில் மெல்லிய மரச்சட்டத்தை அறைந்து, அதைப் பாதத்தால் உணரப் பழக்குவார்களாம்.

அவருடைய பார்வை மேலும் மங்கியபோது அந்தத் தொழிற்பழக்கமே அவருடைய வீடு முழுவதும் பரவியது. நாற்காலி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, வாசல் என்று அவர் நிற்கவேண்டிய இடங்களில் எல்லாம் சிறு கயிற்றுத்துண்டை வைத்து, மேலே நாடா ஒட்டினார்கள். ஒட்டியவர் புனிதா, எங்கே என்று சொன்னவர் லொரேன்.

கணவரின் சகோதரி மகளான மருமகள், உண்மையான அன்பினால், லொரேன் முதியோர் இல்லத்துக்குப் போவதே நல்லது என்று வற்புறுத்தத் தொடங்கினார். நகரசபையிலிருந்து பெண் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. விருப்பமில்லாத ஒருவரை இலகுவில் வெளியேற்ற முடியாது என்பதை லொரேனுக்கு விளக்கினேன். எனினும் வீடு ஆபத்தானது என்று அந்த அலுவலர் எழுதிவிட்டால், மருமகளையும் குடும்ப மருத்துவரையும் எதிர்த்துத் தனியே நிற்கும் வலு அவருக்கு இருக்காது என்பதையும் மறைக்கவில்லை. அவருக்குத் துணையாளராக அன்று புனிதாவோடு நானும் அமர்ந்திருந்தேன்.

மதிப்பீட்டாளர் சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். லொரேன் எழுந்தார். தயங்காமல் சமையலறைக்கு நடந்தார், காப்பியை வார்த்தார், எங்கள் முன்னால் கோப்பைகளை வைத்தார், நாற்காலிக்குத் திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரு துளி சிந்தவில்லை.

"பார்வை மோசம் என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லையே" என்றார் மதிப்பீட்டாளர். பிறகு தரையைக் காட்டினார். "இந்தக் கயிறுகளை மட்டும் எடுத்துவிடவேண்டும். தடுக்கி விழுந்துவிடுவீர்கள்."

மௌனமாக இருந்திருந்தால் நல்ல அறிக்கை கிடைத்திருக்கும், கயிறுகள் போயிருக்கும், ஒரு வாரத்துக்குள் அவர் விழுந்திருப்பார். பேசினாலோ வீடே போகக்கூடும். நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணை, வாயைத் திறந்திடாதேங்கோ" என்றார் புனிதா, தமிழில், காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி.

லொரேன் சிரித்தார். "புனிதா என்ன சொன்னாள் என்பதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்." பிறகு மதிப்பீட்டாளரிடம் திரும்பினார். "உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் வரும் இடத்தைப் பார்த்துச் சிரித்தேன். இவ்வளவு நேரமும் நீங்கள் பார்த்தது என் தொழில். அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். சப்பாத்தையும். கண்ணை மூடிக்கொண்டு என்னோடு வாருங்கள்."

அந்த அலுவலர் வியந்திருக்கவேண்டும், ஆனால் கழற்றினார். லொரேனின் கையைப் பிடித்துக்கொண்டு, காலுறையணிந்த பாதத்தால் கயிறு கயிறாகத் தேடிக் கழுவும் தொட்டியை அடைந்தபோது சிறுபிள்ளைபோலச் சத்தமிட்டுச் சிரித்தார். கயிறுகள் இருக்கட்டும், அடுப்பை மட்டும் தானே அணையும் வகைக்கு மாற்றவேண்டும் என்று முடிவானது. இறக்கும்வரை லொரேன் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.

அன்று மதிப்பீட்டாளர் போனபின், வென்றுகொண்டிருந்தபோது ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நடிப்பு என்று தெரிந்துதான் சனங்கள் படம் பார்க்க வருகிறார்கள். தெரியாதவர் முன்னால் அதைச் செய்தால் அது வேறு தொழில். உங்களுடையது."

புனிதா சிரித்த சிரிப்பில் கோப்பையைக் கீழே போடாதது அதிசயம்.

மருமகள் வீட்டை ஒழுங்கு செய்யத் தொடங்கியபோது, நாடாக்களை உரித்தவரும் புனிதாதான். வாசலடியில் கிடந்த கயிற்றை எறியவில்லை. சென்ற சனிக்கிழமை நம் மண்டபத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு முன், மேடையில் அதை ஒட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"பேப்பரைத் தாங்கோ, அண்ணை. இண்டைக்கு அது வேண்டாம்."

முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளில் சரிபார்த்தே பேசிவந்தவன் நான். தாளைக் கொடுத்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடையேறினேன். முன்வரிசையில் தவம் அண்ணை அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் அந்த மருமகள். அவர்களைப் பார்த்தபடியே நடந்தேன். பாதத்தில் கயிறு தட்டுப்பட்டது. நின்று, பேசத் தொடங்கினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடைதான்.