கப்பல் வீட்டு விசில்

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கப்பல் வீட்டைக் கை நீட்டிக் காட்டும். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து கொடுக்கிற வெல்டரான என் அக்கா புருஷன், எப்போது வாயைத் திறந்தாலும் வெள்ளத்தைப் பற்றித்தான் பேசுவார். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் அந்த வீட்டு வாசலும் மொட்டை மாடியும் தெரியும்.

பரண் முழுக்க நீல டிரம்கள். அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் அதற்குள்ளே. மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரியும் தக்காளியும் கீரையும் வளர்ந்தன. மூலையில் கோழிக்கூண்டு. அத்தான் பட்டறையில் மிச்சமான தகடுகளை ஒட்டவைத்துச் செய்த விறகடுப்பு ஒன்று. வெயிலில் சார்ஜ் ஆகிற விளக்குகள். பழைய சரக்கு தீர்ந்த பிறகுதான் புதுசைத் தொட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"புது அரிசியை நாங்க கண்ணாலதான் பாக்கறோம்டி. இந்த வருஷத்து அரிசி அடுத்த வருஷம்தான் எங்க வாய்க்கு வரும். நாங்க பொழைக்கறதே ஒரு வருஷம் பின்னாலதான்" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வீட்டில் மனுஷன் குடியிருக்க முடியாது.

அத்தானைக் குறை சொல்ல எனக்கு ஆயிரம் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மீசை அரும்பாத வயதில், அவர்கள் அப்போது குடியிருந்த தாழ்வான பகுதிக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. எல்லோரும் ஓட்டின் மேல் ஏறிவிட்டார்கள். தம்பியை மட்டும் காணவில்லை. தம்பியைத் தேடி அம்மா கீழே இறங்கினார். தம்பியோ பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அம்மாதான் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைதான். இனிமேல் தன் வீட்டில் ஒரு தலைகூடக் குறையக் கூடாது.

அதற்காக அவர் போட்ட விதி இதுதான். அக்கா கழுத்தில் ஒரு எவர்சில்வர் விசில் தொங்கும். அதை ஊதினால் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போக வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, தேடக் கூடாது. கேஸை மூடி, மெயினை அணைத்துவிட்டு அக்கா கடைசியாக வருவாள். அங்கே அத்தான் தலைகளை எண்ணுவார். "தேடறவங்கதான் சாவாங்க. மேல போயிட்டா எல்லாரும் தானா வந்து சேருவோம்" என்று பாடமாகச் சொல்லி வைத்திருந்தார்.

ஒத்திகை எப்போது என்பது யாருக்கும் தெரியாது, அவருக்கும் சேர்த்துத்தான். சொல்லி வைத்துச் செய்தால் அது வெறும் கூத்து என்று, ஊதும் உரிமையை அக்காவிடமே கொடுத்துவிட்டார். அவளுக்குக் கேட்கவா வேண்டும்! ஒரு தடவை அத்தான் தலை நிறையச் சோப்போடு குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஊதினாள். மனுஷன் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் படியைத் தடவித் தடவி ஏறினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தானுடைய அப்பாவுக்குக் காது மந்தம். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவரும் ஓடுவார். பையை மறந்தாலும் தலையணையை மறக்க மாட்டார். கல்லூரிக்குப் போகிற வயதிலும் நாங்கள் பாப்பா என்றே கூப்பிடுகிற அவர்கள் மகள், மாடியில் நின்று எனக்குக் கை காட்டுவாள்.

இதில் ஆபத்து இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்கட்டில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடிக்க. வெள்ளம் வந்தால் சாக்கடை அதில் கலந்துவிடும் என்று அத்தான் தானே ஒரு இரும்பு மூடி செய்தார். சுற்றிலும் ரப்பர், மேலே முறுக்கி இறுக்கத் திருகுகள். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். "தண்ணியை விடு, காத்துகூட உள்ள போகாது" என்று மூடியைத் தட்டிச் சொன்னார். அந்த வேலையில் அவருக்கு அத்தனை பெருமை.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் தொட்டியை இறைத்துக் காலி செய்தார்கள். அடியில் சேறும் அழுகின இலையும் கிடந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறங்கிக் கழுவுகிறேன் என்று அத்தான் மூடியை இறுக்கி வைத்தார். பட்டறையில் வேலை குவிந்து, அந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறும் போனது. அக்காவுக்கு ஒரு வேலை கிடப்பில் கிடந்தால் தூக்கம் வராது. ஒரு விடுமுறை நாள் காலையில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்து ஏணி வழியாக இறங்கிவிட்டாள்.

நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. எப்போதும்போலக் கணீரென்று இல்லை. ஊதி, உடைந்து, திரும்ப ஒரு தரம் ஊதி நின்றது. சிரித்துக்கொண்டே ஊதுகிறாள் என்றுதான் நினைத்தேன். மாடியில் பாப்பா பையோடு வந்தாள், தலையணையோடு அக்காவின் மாமனார் வந்தார், அத்தான் வந்தார்.

"இன்னிக்கு எல்லாரும் சுருக்கா வந்துட்டோம், பரவாயில்ல" என்று அத்தான் சொன்னது தெரு தாண்டி என் காதில் விழுந்தது.

கொஞ்சம் கழித்து பாப்பா, "அம்மா இன்னும் வரலியேப்பா. நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"தேடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? கேஸை மூடிட்டு வருவா. நில்லு."

பாப்பா நின்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. மூன்று பேரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. "அக்கா எங்க?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "வருவா, வருவா" என்று அத்தான் கையை அசைத்தார். நான் அந்த வீட்டு விதிக்குக் கட்டுப்பட்டவள் இல்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அடுப்படியில் இல்லை. மெயின் அணைக்கப்படவில்லை, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கட்டில் தொட்டியின் வாய் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். ஏணியின் கீழே என் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் விசில் பளபளத்தது. நான் போட்ட கூச்சலில் அத்தான் இறங்கி வந்தார். யார் தடுத்தும் கேட்காமல் உள்ளே குதித்தார். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி ஏணி ஏறியதும் அவரும் சரிந்தார். அக்கம்பக்கத்தார் கயிறு போட்டு இருவரையும் இழுத்தார்கள். அவர் பிழைத்தார்.

அத்தனை நாள் மூடிக் கிடந்த சேறு உள்ளே இருந்த நல்ல காற்றையெல்லாம் கெடுத்துவிட்டது என்றார் தீயணைப்புக்காரர். "கொஞ்ச முன்னாடி வெளிய எடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அத்தானைப் பார்த்து, "எங்கக்காவை நீங்கதான் கொன்னீங்க. ஊதி ஊதிக் கூப்பிட்டாளே, மாடியில போய் நின்னுட்டீங்களே" என்றேன்.  

பிறகு அவர் அந்த மூடியை எடுத்துப் போய்ப் பட்டறையில் துண்டு துண்டாக வெட்டினார். அதோடு சரி, வீட்டில் எதையும் தொடவில்லை. டிரம்மில் வண்டு விழுந்தது, செடி காய்ந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வர மாட்டார். ஒருநாள் பாப்பாதான் பரணில் ஏறினாள். அரிசியைப் புடைத்தாள், வாளிகளில் புதிதாக விதை போட்டாள். படிப்பு இருக்கிறதே, இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்டேன். "அம்மா வேலை சித்தி, அப்படியே விட முடியல" என்றாள். விசிலை மட்டும் அந்த வீட்டில் யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வெள்ளம் வந்தேவிட்டது. விடாமல் பெய்த ஒரு மத்தியானம், தெரு முனையில் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. பாப்பா முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கப்பல் என்று கேலி பேசின அத்தனை பேரும் அந்த மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, அத்தான் செய்த விறகடுப்பில் பொங்கின கஞ்சியைக் குடித்தோம். தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த வீடு எல்லோரையும் காப்பாற்றியது.

அத்தான் கஞ்சியைத் தொடவில்லை. மாடிக் கதவருகில் நின்று தலைகளை எண்ணினார். அவ்வளவு கூட்டத்தில் தன் வீட்டாரை மட்டும். அப்பாவைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு, கடைக்குப் போகிறவர்போல, "இன்னும் ஒருத்தி வரல" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தார். தண்ணீர் பாதிப் படியை முழுங்கியிருந்தது.

பாப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, வேணாம்ப்பா. தேடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு கண்ணு. விடு, தேடணும்" என்றார்.

அவள் ஒருத்தியால் அவரை நிறுத்த முடியவில்லை. நான் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. ஆனாலும் தண்ணீர் வடியும்வரை நான் அந்தச் சட்டையை விடவில்லை.