பென்சில்ல இன்ட்டு போட்ட இடம்

இன்னிக்கு ஆபீஸ்ல எச்.ஆர். ஆசாமி பென்ஷன் ஃபாரத்தோட என் டேபிளுக்கு வந்தார். திலக் நகர்த் தமிழர்தான், ஆனா பாதிப் பேச்சு ஹிந்தியில.

"பென்சில்ல இன்ட்டு போட்ட இடத்துல சைன் பண்ணுங்க மேடம். சப்னே கர் தியா."

எல்லாரும் போட்டாச்சாம்!

ஃபாரத்துல ரெண்டு பிரிவு. முதலாவதுல, கடைசிச் சம்பளத்தையும் சர்வீஸையும் வெச்சு மாசாமாசம் நிச்சயமான பென்ஷன். ரெண்டாவதுல, ஷேர் மார்க்கெட் என்ன கொடுக்கறதோ அதுதான். எனக்கு ரெண்டாவதுல அவரே பென்சில்ல டிக் போட்டிருந்தார்.

"ஏன்?"னு கேட்டேன்.

"நீங்க பர்மனென்ட் ஆகறதுக்கு முன்னாடியே முதல் பிரிவை மூடிட்டாங்க."

"மூடறதுக்கு முன்னாடியே டெம்பரரியா சேர்ந்து மூணு வருஷம் இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்? சேர்ந்த தேதி கணக்கா, பர்மனென்ட் ஆன தேதி கணக்கா? ரூல் புக்ல காட்டுங்கோ."

"இதுவரைக்கும் யாரும் கேக்கலையே மேடம்!"

"இப்போ நான் கேக்கறேன்."

டிராயர்லேர்ந்து ரப்பரை எடுத்தேன். டிக்கையும் இன்ட்டையும் அவர் கண்ணெதிர்லயே அழிச்சு ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ரூல் புக் வரட்டும், அப்புறம் பேனா எடுக்கறேன்.

கிங்ஸ் சர்க்கிள்ல பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள, விஷயத்தைக் கேள்விப்பட்டு, என்னோட டெம்பரரியா சேர்ந்த ரெண்டு பேர்கிட்டேர்ந்து மெசேஜ்: "நாங்களும் இன்னும் சைன் பண்ணலை. நாளைக்கு அந்த ரப்பர் கிடைக்குமா?"

கிடைக்கும். பெரிய ரப்பர்தான். வேற யாருக்கு வேணும்?