அய்யாவு பிடித்த கம்பி

ஜொகூரின் தம்போயில் ரோலண்டின் கார்ப் பட்டறையில் பத்தொன்பது வருடமாகச் சாயம் அடிப்பவர் அய்யாவு. வெயிலில் வெளிறிப்போன கதவை ஒருமுறை பார்த்தால் போதும், எந்த டின்னில் எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அடித்து முடித்த இடம் எது, பழைய இடம் எது என்று கார்க்காரராலேயே சொல்ல முடியாது. வேலையில் அவரை யாரும் குறை சொன்னதில்லை.

உயரம்தான் அவருக்கு ஆகாது. இருபத்து மூன்று வயதில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக் கூரைமேல் வேலை பார்த்தார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த ஆள், பேச்சின் பாதியில், தகடு உடைந்து உள்ளே போய்விட்டான். அய்யாவு அந்த இடத்திலேயே குப்புறப் படுத்துவிட்டார். இறக்கிக் கொண்டுவர மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஏணியில் ஏறியதே இல்லை. மாசாயில் அடுக்குமாடி வீடு தேடியபோதுகூட, தரைத்தளம் காலியாகும்வரை எட்டு மாதம் காத்திருந்தார்.

இதெல்லாம் ரோலண்டுக்குத் தெரியும். பட்டறையின் பெயர்ப்பலகையைத் துடைக்கச் சொன்ன ஒருநாள், அய்யாவுவே வெட்கத்தை விட்டுச் சொன்ன கதைதான்.

ரோலண்டைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லார் வீட்டுக்கும் சாமான் அனுப்புகிறவர். ஆனால் அவருக்குச் சிரிக்க வேண்டும். சிரிக்க எப்போதும் யாராவது ஓர் ஆள் வேண்டும்.

போன வருடப் பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, பேருந்து பிடித்துப் பட்டறை ஆட்களையும் குடும்பங்களையும் தெசாருவுக்கு அப்பால் ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு செங்குத்துப் பாறை நிற்கிறது. யாரோ எடுத்துப் போட்ட காணொளியால் அது பெயர் பெற்றுவிட்டது. சிங்கப்பூர் கார்கள் சாலை ஓரமெல்லாம் நின்றன. பாறை உச்சியில் இரும்புக் கம்பி போட்ட சின்ன மேடை. ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் நிற்க முடியும். படம் எடுக்க, கொளுத்தும் வெயிலில் வரிசை கீழே பாதி வழிவரை வளைந்து இறங்கியிருந்தது.

அய்யாவு சாப்பாட்டுக் கூடைகளோடு கீழேயே உட்கார்ந்துகொண்டார். மனைவி காளியம்மாவும் அவரோடு இருந்தார். மகள் லோஷினிக்குப் பதினாறு வயது. புதுச் சட்டையில் படம் எடுத்துக்கொள்ள முதலிலேயே மேலே ஓடிவிட்டாள்.

ரோலண்ட் வந்தார். "அய்யாவு, பாதி வழி வரைக்கும் வாய்யா. அங்க ஒரு மரம் இருக்கு. எல்லாரும் சேந்து ஒரு படம் எடுப்போம்."

"மேல வரமாட்டேன் பாஸ்."

"மரம் வரைக்கும்தான்யா."

மரம் உண்மையிலேயே இருந்தது. அதன் நிழலில் அய்யாவு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரோலண்ட் கண்ணைக் காட்டினார். மெக்கானிக்குகள் இருவர் கைகளைப் பிடித்தார்கள், ஒருவர் கால்களைத் தூக்கினார். ரோலண்டின் அக்கா மகன் அட்ரியன் கைப்பேசியை நீட்டியபடி முன்னால் நடந்தான்.

"ஒன்னும் ஆவாதுண்ணே. கண்ண மூடிக்குங்க," என்றார் கால்களைத் தூக்கியவர்.

யாருக்கோ பிறந்தநாள் போல என்று நினைத்து வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். மேடையில் கடலைப் பார்த்தபடி அவரை நிறுத்திவிட்டு மூவரும் பின்வாங்கினார்கள்.

அய்யாவு ஒருமுறைதான் கீழே பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி, மண்டியிட்டு, நெற்றியை அதில் அழுத்திக்கொண்டார். கத்தவில்லை. முதல் நிமிடம் எல்லாரும் சிரித்தார்கள்.

"போதும், எந்திரிய்யா," என்றார் ரோலண்ட்.

விரல்கள் பிரியவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க லா. நாங்க ஒரு மணி நேரமா நிக்கிறோம்."

ஒரு பெண் தன் கணவரிடம், அந்த ஆள் படத்தில் விழாமல் எடுக்கச் சொன்னாள். இளம் ஜோடி ஒன்று வேண்டுமென்றே அவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அந்தப் பையன் அவர் தலைக்குமேல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி விரித்துக் காட்டினான். அப்போதுதான் அவருடைய கால்சட்டை நனைந்திருப்பதை யாரோ கவனித்தார்கள். "அலமாக்," என்று வியப்பும் கேலியுமாக ஒரு குரல் எழுந்தது. அதன் பிறகு சிரிப்பு வரிசையின் கடைசிவரை இறங்கிப் போனது. அட்ரியன் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை.

லோஷினி அந்த வரிசையில் நான்காவதாக நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நின்ற பெண் அவளைக் கேட்டாள்: "அவரு உங்ககூட வந்தவரா?"

"தெரியல," என்றாள் லோஷினி. தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அய்யாவுவின் கண்கள் மூடியிருந்தன. காது மூடியிருக்கவில்லை.

ரோலண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாட்டுக்குப் பண்ணுனா இப்படியா மானத்த வாங்குவே?" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அய்யாவுவின் நகங்களில் ஒன்று பிய்ந்து ரத்தம் வந்தது. கை வரவில்லை.

கடைசியில் காளியம்மாதான் மூச்சிரைக்க ஏறி வந்தார். கீழே வந்த மகளின் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்திருக்கிறது. யார் முகத்தையும் பார்க்காமல் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் அவர் தலையை மூடினார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாந்தான். கண்ணத் தொறக்க வேணாம். அப்படியே பின்னால வாங்க."

தலையில் துண்டோடு அய்யாவு முழங்காலால் பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கினார். கூட்டம் கைதட்டியது. ரோலண்டும் தட்டினார்.

திரும்பும் பேருந்தில், பின் இருக்கைகளில் அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. காளியம்மா எழுந்து ரோலண்டிடம் போனார்.

"ஒங்களுக்குத் தெரியும்தானே பாஸ்?"

"தெரியும்மா. பயம் போகட்டுமேன்னுதான் பண்ணுனேன்," என்றார் ரோலண்ட். ஓட்டுநரிடம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

திங்கட்கிழமைக்குள் காணொளி ஜொகூர் முழுக்கப் போய்விட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள், "கம்பி அண்ணே இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அய்யாவு வேறு இடத்தில் வேலை தேடினார். ஒரு பட்டறையில் முதலாளி அவரை அடையாளம் கண்டு, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, ஆள் தேவையில்லை என்று அனுப்பினார்.

ஒருநாள் ரோலண்டிடம், அட்ரியனிடம் அந்தக் காணொளியை அழிக்கச் சொல்லும்படி கேட்டார்.

"எல்லார்கிட்டயும்தான் இருக்கே. அவன் அழிச்சு என்ன ஆவப்போவுது? நீயும் சிரிச்சிட்டுப் போய்யா. நானா இருந்தா சிரிப்பேன்."

அய்யாவு சிரித்தார். அதற்குப் பிறகு, யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தால் அவரே முதலில் சிரித்துவிடுகிறார்.

நடந்ததையெல்லாம் காளியம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னவர், லோஷினியின் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் பள்ளியில் பெற்றோரை அழைத்தார்கள். லோஷினியின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அய்யாவுதான் ஒவ்வொரு வருடமும் போவார். இந்த முறையும் விடுப்புக் கேட்டு வாங்கி, வெள்ளைச் சட்டையை முதல் நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

காலையில் லோஷினி காலணி மாட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "இந்தத் தடவ அம்மா வரட்டும்ப்பா."

"சரிம்மா," என்றார் அய்யாவு.

சட்டையை அலமாரியில் திரும்ப மாட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.