சாந்தி சொன்ன பதில்

புளித்த பால் வாடையும் பக்கத்து ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும், தெரியுமா? எனக்குச் சட்டம் என்றாலே இன்றும் அந்த வாடைதான்...

எங்கள் எஸ்டேட்டில், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்செல்ல ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்பியதும் அது எங்கள் ராஜ்ஜியம். நான், சாந்தி, யூசுப். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு நாங்கள் தயாரானது அங்கேதான். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில், முட்டி காதைத் தொட, வருங்கால வழக்கறிஞர்கள் மூவர்!

எனக்கு வக்கீல் ஆசை வந்ததே கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான். கேமரன் மலைக் குளிருக்கு அதைவிடத் தோதான உத்தியோகம் உண்டா? யூசுபின் அத்தா கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டாத எந்த வேலையும் அவனுக்குச் சம்மதம்.

சாந்திக்கு மட்டும் அது விளையாட்டில்லை. அம்மா இல்லாத பெண். அப்பா ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

“உழைச்ச மனுசன வீட்ட விட்டுப் போன்னு சொல்ல எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? நானே படிச்சுப் பாக்கணும் லா,” என்பாள்.

படிக்கும் முறையும் அவள் போட்டதுதான். எங்கள் மலையில் ஒரு வழக்கம். கொழுந்து பறிப்பவர்களுக்கு ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு செடி வரிசை. தன் நெரை முடிந்தது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. பின்தங்கியவரின் நெரையில் மறுமுனையிலிருந்து பறித்துக்கொண்டே வரவேண்டும். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தால்தான் வேலை முடிந்தது. பள்ளி விடுமுறைதோறும் மலையேறிய சாந்திக்கு இது கையிலேயே ஊறிப்போயிருந்தது.

“இங்கிலீசு யூசுப் நெரை. புதிர்க் கணக்கு உன் நெரைடா, மாரி. பொது அறிவு என்னோடது. முடிச்சவங்க மத்தவங்களுக்குக் கை குடுக்கணும்.”

“முடிக்கவே முடிக்காதவன் என்னா செய்யறது?” என்றேன்.

“அவனுக்கு ரெண்டு பேரும் சேந்து கை குடுக்கணும்டா, தடிமாடு!”

கொடுத்தார்கள். என் நெரையையும் பாதிக்கு மேல் அவள்தான் பறித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்...

தேர்வு ஈப்போவில். திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிப்போன லோரியில் தொற்றிக்கொண்டு இறங்கினோம். மண்டபத்துக்குள் எங்களைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கோஸ் வாடைக்கு மூக்கைச் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பக்கத்து வரிசையில் சாந்தி. கடைசிப் பகுதி புதிர்கள். நான் முடித்துவிட்டேன். அதிசயம்தான், ஆனாலும் முடித்துவிட்டேன். யூசுபின் அத்தா கட்டிக்கொடுத்த பொட்டலத்தில் முட்டை இருக்குமா, இருக்காதா என்று பென்சிலைக் கடித்தபடி தீவிர யோசனையில் இருந்தேன். யோசிக்கும்போது என் மூஞ்சி அழுகிற மாதிரி இருக்கும். கல்யாண ஆல்பமே சாட்சி.

சாந்தி தலை நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நெரையில் ஒருத்தன் பாதியில் திண்டாடுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

“மாரி... கடைசிக் கேள்வி... மூணாவது பதில்டா.”

கிசுகிசுப்புதான். ஆனால் அந்த அமைதியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. மேற்பார்வையாளர் வந்து அவள் தாளை எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்காததால் என்னை விட்டுவிட்டார். வாசல் வரை நடந்த சாந்தி ஒருமுறை திரும்பி, ‘எழுது, எழுது’ என்று கையால் காட்டிவிட்டுப் போனாள்.

என் தாளில் கடைசிக் கேள்விக்கு மூன்றாவது பதிலின் வட்டத்தை எப்போதோ கறுப்பாக்கியிருந்தேன்.

திரும்பும்போது காலி லோரி. பின்னால் நாங்கள் மூவரும்.

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நீ சொல்லலன்னா என் கத முடிஞ்சிருக்கும் லா.”

“அப்பப் பரவால்ல,” என்று சொல்லிவிட்டு, கோணிப்பைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கும் யூசுபுக்கும் இடம் கிடைத்தது. சாந்தியின் அப்பா அந்த வருடமே வீட்டைக் காலி செய்தார். கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சாந்தி வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் “அடுத்த வருசம் எழுதறேன்டா” என்பாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். புற்றுநோய். சாவு வீட்டில் அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாரி அங்கிள் நீங்கதானா? என்னோட ஒரு பதில்ல ஒருத்தன் லாயரா நிக்கிறான்னு அம்மா எல்லார்ட்டயும் சொல்லுவாங்க...”

ஊர் வம்பு எதுவும் என் வாயில் அரைப் பொழுது தங்காது. நம்முடைய இந்த வாட்ஸ்அப் குழுவில் நடந்த பாதிச் சண்டைக்கு நானே காரணம். மூன்றாவது பதில் விஷயம் மட்டும் இத்தனை வருடம் தங்கியிருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆளான யூசுப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆமாம்மா. அம்மா மட்டும் சொல்லலன்னா, அங்கிள் இன்னிக்கு கோஸ் லோரிதான் ஓட்டிக்கிட்டு இருப்பேன்.”

அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியே அவள் அம்மா.

அந்தப் பெண் இந்தக் குழுவில் இல்லை. யாரும் இதை அவளுக்கு அனுப்பிவைத்து, என்னைப்போல் ஓட்டை வாய் ஆகிவிடாதீர்கள்.

இப்போது எங்கள் மலையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று சீவிப் போகிறார்கள். நெரையும் இல்லை, எதிர்முனையிலிருந்து வரும் கையும் இல்லை. என் மகள் அதே நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆன்லைன் வகுப்பு, காதில் இயர்போன், சாத்திய கதவு.

“கூட்டாளிங்களோட சேந்து படிக்கலாம்லம்மா?”

“எதுக்குப்பா? அவங்கள்லாம் எனக்குப் போட்டி.”

தப்பு சொல்ல முடியவில்லை. நன்றாகத்தான் எழுதுவாள்.

நேற்று தேநீர் கொடுக்கப் போனேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் மூஞ்சிதான்... அழுகிற மாதிரி. பரீட்சை மண்டபத்தில் அதைத் திரும்பிப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.