என் சடையைக் காட்டி விற்ற எண்ணெய்

என் நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். பிறந்தது ஆண்டிமடம் பக்கம். கல்யாணத்தன்று என் சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. அலங்காரத்துக்கு வந்த பெண் பூ பத்தவில்லை என்று மறுபடியும் கடைக்கு ஆள் அனுப்பினாள். துணிக்கடைக்கு வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது, சடைக்கார அக்கா என்றால் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அப்புறம் சுகர் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகப் போட்டேன், ஆனால் வாயைக் கட்டவில்லை. கொஞ்ச நாளில் முடி கொட்ட ஆரம்பித்தது. பில் மெஷின் மேல் முடி, சாப்பாட்டில் முடி, தலையணை உறையில் முடி. வகிடு அகலமாகிக்கொண்டே போனது. போர் தண்ணி உப்பு என்று ஒருத்தி சொன்னாள், கண்ணு பட்டுவிட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். நான் வகிட்டில் கண்மையைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரரின் தங்கச்சி வந்தாள். அரியலூரில் இருக்கிறாள். வீட்டிலேயே மூலிகை எண்ணெய் காய்ச்சி, போனில் குரூப் வைத்து விற்கிறாள். என் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். அந்தக் கண்ணீரை நான் நம்பினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கிலீஷ் மாத்திரை உடம்பில் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூட்டில்தான் வேர் கருகுகிறது என்றாள். ஒரு மண்டலம் மாத்திரையை நிறுத்த வேண்டும். எண்ணெயைத் தலையில் தேய்த்து, கூடவே கரிசலாங்கண்ணி லேகியம் காலையும் மாலையும் ஒரு உருண்டை சாப்பிட வேண்டும்.

லேகியம் கருப்பட்டிப் பாகில் கிண்டியது. எங்கள் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சுகருக்கு வெள்ளைச் சீனிதான் எதிரி. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் நம் சொந்தக்காரர்கள், கெடுதல் செய்ய மாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டீயில் சீனி போடாமல் குடித்துவிட்டு, பெருமையாக லேகியத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் வரும்போதெல்லாம் முன்னேற்றம் பார்க்கிறேன் என்று என் உச்சந்தலையைப் போட்டோ எடுத்தாள். முன்னேற்றம் ஒன்றும் இல்லை. தலை எண்ணெய் மினுக்கில் பளபளத்தது, அவ்வளவுதான். முடி இன்னும் வேகமாகக் கொட்டியது. செருப்பு கடித்த புண் ஆறாமல் சீழ் வைத்தது. ஒருநாள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோதே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன்.

தூக்கிக்கொண்டு போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மா முதலில் என் காலைத்தான் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். பிறகு நான் மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டார். கருப்பட்டி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கருப்பட்டியும் சுகர்தாம்மா. நாக்குதான் ஏமாறும், ரத்தம் ஏமாறாது. எண்ணெய் தேய்ச்சா இருக்கிற முடி உடையாம கொஞ்சம் வழவழன்னு இருக்கும். கொட்டுனதைத் திருப்பிக் கொண்டுவராது. உள்ள சுகர் ஏறிக் கெடக்கு, நீங்க வெளிய தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க."

தைராய்டு, ரத்த சோகை எல்லாம் சோதித்தார். ரத்தமும் குறைவாகத்தான் இருந்தது. மறுபடியும் மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடை. சுகர் கட்டுக்குள் வந்தால் முடி வரலாம், மெதுவாகத்தான் வரும், எல்லாம் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். அந்த நேர்மைக்கே அந்தம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சொந்தத்துக்குள் ஒரு ஏமாற்று, போகட்டும் சனியன் என்று. ஆனால் குரும்பலூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு அக்கா கடையில் என்னிடம் போனை நீட்டினார். இது நீங்கள்தானே என்று கேட்டார். திரையில் இரண்டு படம். இடப்பக்கம் என் உச்சந்தலை, பாதி மொட்டை. வலப்பக்கம் பூத் தைத்த என் சடை, என் கல்யாணச் சடை. இடப்பக்கத்தின் கீழே 'முன்பு', வலப்பக்கத்தின் கீழே 'பின்பு'.

இருபது வருஷத்துக்கு முந்தின சடை 'பின்பு' ஆகிவிட்டது. நான் சிரித்துக்கூட இருப்பேன். ஆனால் அந்த அக்கா மெதுவாக அடுத்ததைச் சொன்னார்.

"எனக்கும் சுகருதாங்க. உங்க சடையைப் பார்த்துட்டுத்தான் போன வாரத்திலேர்ந்து மாத்திரையை நிறுத்திட்டேன்."

கடை என்றும் பார்க்காமல் என் செருப்பைக் கழற்றி, கட்டுப் போட்ட விரலைக் காட்டினேன். இன்றைக்கே மாத்திரையைப் போடுங்கள், அந்த டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சி அனுப்பினேன். இந்த ஒருத்தர் என்னிடம் வந்தார். வராதவர்கள் எத்தனை பேரோ.

நாத்தனாருக்குப் போன் போட்டு, படத்தை எடு என்றேன். வியாபாரம் என்றால் அப்படித்தான் அண்ணி, உங்கள் முகமும் தெரியவில்லை, பேரும் போடவில்லை என்று சிரித்தாள். கல்யாண ஆல்பம் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது, அந்தப் படம் இவளுக்கு எப்படிப் போயிற்று என்று வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர்தான் எடுத்து அனுப்பியிருக்கிறார். தங்கச்சி கேட்டுச்சு, கொடுத்தேன், இதுக்குப் போயி என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அரியலூரில் மண்டபம். வாசலில் எண்ணெய்க்கு ஒரு மேஜையும், அந்த இரண்டு படத்தைப் பெரிதாக அடித்து ஒரு பிளக்ஸும் வைக்கப்போகிறாள் என்று தெரிந்தது. இவ்வளவு கூட்டம் வேறு எப்போது கிடைக்கும் அவளுக்கு?

எங்களில் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் சடங்கு தொடங்காது. மேளத்தோடு வருகிற அந்தச் சீருக்கு முன்னால், தட்டு ஏந்தி நடப்பது தாய்மாமன் பெண்டாட்டி. அதாவது நான். என்னை உள்ளே விடாமல் இருக்கவும் முடியாது, பின்னால் தள்ளவும் முடியாது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆண்டிமடம் போய், எங்கள் குலசாமி கோயிலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த முடியையும் இறக்கிவிட்டேன். வேண்டுதல் என்றால் எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், வீட்டுக்காரர் வாயும் அடைந்துபோகும். சாமியிடம் நான் முடியைக் கேட்கவில்லை. நாத்தனார் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கத்தி உச்சியில் இறங்கியபோது அழுகை வந்தது, அடக்கவில்லை.

சடங்கன்று பட்டுப் புடவை, மொட்டைத் தலையில் சந்தனம், கையில் சீர்த் தட்டு. மேளம் அடிக்க மண்டப வாசலுக்கு வந்தேன். பிளக்ஸுக்கு நேரே வந்ததும் நின்றேன். நான் நின்றால் சீர் நிற்கும், சீர் நின்றால் மேளக்காரரும் நிற்பார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடாமல்தான் சொன்னேன்.

"இந்த ரெண்டு படத்திலயும் இருக்கறது நாந்தாங்க. சடை என் கல்யாணத்துல எடுத்தது. எண்ணெய் தேய்ச்சு, மாத்திரையை நிறுத்துனதுக்கு அப்புறம் இருக்கறது இதுதான்."

மேஜைப் பக்கம் நின்றிருந்த ஒரு அம்மா கையிலிருந்த பாட்டிலைத் திரும்ப வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவரும் வைத்தார். நாத்தனார் ஆரத்தித் தட்டோடு எதிரே நின்றாள். சாமி என் வேண்டுதலைக் கேட்டுவிட்டது, அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பிறகு உள்ளே போய், பெண்ணுக்கு மாலை போட்டு, முறை எல்லாம் குறையில்லாமல் செய்தேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? பிளக்ஸைச் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாலேயே கழற்றிவிட்டார்கள்.

வருஷம் தாண்டிவிட்டது. என் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. முடி காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பழைய அடர்த்தி இல்லை, முன்னால் கொஞ்சம் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. சடைக்கார அக்கா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. விரல் பத்தும் இருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். சடங்குக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் வாசல் ஏறினாள். உள்ளே வந்தும் முக்காட்டை எடுக்கவில்லை. எடுத்தபோது வகிடு என் பழைய வகிடு மாதிரியே இருந்தது. அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சுகர், இவளுக்கு மட்டும் வராமல் போகுமா? தாகமாக எடுக்கிறது, எடை குறைகிறது, முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று அழுதாள். உங்களுக்கு எப்படி அண்ணி முளைச்சுது என்று கேட்டாள்.

நான் எழுந்து போய் பரணிலிருந்து அவள் கொடுத்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தேன். ஒரு பாட்டில் திறக்காமலே கிடந்தது. இந்த நாளுக்காகத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. தூசியைத் துடைத்து அவள் மடியில் வைத்தேன்.

"இதைத் தேய்ச்சுக்க."

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தொடவில்லை.

"வெளையாடாதீங்க அண்ணி. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கட்டுப் போட்டிருந்த என் விரல் ஞாபகம் வந்தது, குரும்பலூர் அக்காவும் ஞாபகம் வந்தார். டாக்டர் கிளினிக் எங்கே இருக்கிறது, வெறும் வயிற்றோடு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தேன், சீனி போடாமல். போகும்போது பாட்டிலை மறந்தவள்போல் நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். கூப்பிட்டு, அதை அவள் கைப்பையிலேயே போட்டு அனுப்பினேன்.